தலைக்கு மேல் ஒரு புறம்போக்கு

இருக்கைக்கு எண் உண்டு, சாண்ட்விச்சுக்கு ரசீது உண்டு. விமானத்தின் லக்கேஜ் ரேக்குக்கு மட்டும் பட்டா கிடையாது. அங்கே நடக்கும் சண்டைகளுக்கு யார் காரணம்? நாம் எப்படி நடந்துகொள்வது?

காலையில் சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ கிளம்பும் விமானங்களில் இந்தக் காட்சி சகஜம். கடைசிப் பத்துப் பேர் உள்ளே வரும்போது, தலைக்கு மேலுள்ள ரேக்குகளின் மூடிகள் பாதிக்கு மேல் சாத்தியிருக்கும். 9-ஆம் வரிசைக்காரர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார், மூடுவார், அடுத்ததைத் திறப்பார். 22-ஆம் வரிசையில் ஓர் இடுக்கு அகப்படும். பெட்டியை அங்கே திணித்துவிட்டு, எதிரே வருகிற அத்தனை பேரையும் உரசிக்கொண்டு தன் இருக்கைக்குத் திரும்புவார். இறங்கும்போது இதே கூத்து இன்னொரு முறை நடக்கும்.

சரி, 9-ஆம் வரிசைக்கு மேலே அப்படி என்னதான் இருக்கிறது? 26-ஆம் வரிசைக்காரரின் டிராலி. யாரோ ஒருவரின் லேப்டாப் பை. நான்காக மடித்த கோட்டு. ஜவுளிக்கடைப் பெயர் போட்ட ஒரு கட்டைப்பை. இவர்களில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் யார் மீதாவது கோபம்.

டிக்கெட்டின் விதிமுறைகளைப் படித்தால் காரணம் புரியும். இந்திய உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்குப் பொதுவாகக் கைப்பை ஒன்று. எடை 7 கிலோ வரை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தப் பையை எங்கே வைப்பது, ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது பற்றிப் பேச்சே இருக்காது. கொண்டுவர அனுமதி உண்டு. வைக்க இடம் உண்டு என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஊர்ப் புறம்போக்கு நிலத்தின் கதைதான் இது. எல்லோருக்கும் பொது, யார் பெயரிலும் பட்டா இல்லை. முதலில் வந்தவர் வேலி போடுவார். பின்னால் வந்தவர் அவரோடு மல்லுக்கு நிற்பார். அளந்து கல் நட வேண்டிய தாலுகா ஆபீஸ் மட்டும் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. இங்கே அந்தத் தாலுகா ஆபீஸ், நமக்கு டிக்கெட் விற்ற நிறுவனம்.

தொப்பிக்காகப் பிறந்த இடம்

இந்த ரேக் பெட்டிகளுக்காக உருவானதே அல்ல. போயிங் 707, 727 போன்ற ஆரம்பகால ஜெட் விமானங்களில் தலைக்கு மேல் இருந்தது மூடியில்லாத ஒரு திறந்த தட்டு. தொப்பி, கோட்டு, தலையணை, போர்வை ஆகியவற்றுக்கானது அது. கனமான எதையும் அங்கே வைக்க முடியாது. விமானம் குலுங்கினால் கீழே இருப்பவர் தலையில் விழும். பெட்டி என்றால் அது விமானத்தின் வயிற்றுக்குள்தான் போகும்.

1970 ஜனவரியில் பான் ஆம் நிறுவனம் போயிங் 747-ஐப் பயணிகள் சேவையில் இறக்கியது. மூடி போட்ட ரேக் பரவலானது அந்த விமானத்துக்குப் பிறகுதான். மூடி வந்ததும் தட்டு, அலமாரியாகிவிட்டது. அலமாரி கிடைத்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா?

அடுத்து வந்தது சக்கரம். அமெரிக்காவின் பெர்னார்ட் சாடோ, பெட்டிக்கு அடியில் நாலு சக்கரமும் இழுக்க ஒரு வாரும் வைத்து 1972-இல் காப்புரிமை பெற்றார். நாய்க்குட்டியை இழுத்துப் போவதுபோல் இழுக்க வேண்டும். திருப்பத்தில் பெட்டி கவிழும். 1987-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத், பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சக்கரமும் நீண்டு மடங்கும் கைப்பிடியும் பொருத்தினார். முதலில் சக விமானிகளும் பணிப்பெண்களும் வாங்கினார்கள். அவர்கள் விமான நிலையத்தில் ஒயிலாக இழுத்துப் போவதைப் பார்த்துப் பயணிகளும் கேட்கத் தொடங்கினார்கள். டிராவல்புரோ என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

சக்கரம் ஒரு மாயம் செய்தது. வீட்டு வாசல் முதல் விமானத்தின் கதவு வரை பெட்டியின் கனம் நமக்குத் தெரிவதே இல்லை. அதைக் கையால் தூக்க வேண்டிய முதல் இடம், முன்பின் தெரியாத ஒருவரின் தலைக்கு நேர் மேலே இருக்கிறது.

பதினைந்து டாலரில் ஆரம்பித்த வினை

அப்போதும்கூட நிலைமை கைமீறவில்லை. பெரிய பெட்டியைக் காசு கொடுக்காமல் செக்-இன் செய்ய முடிந்தவரை, பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள். 2008-இல் கச்சா எண்ணெய் விலை எகிறியது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், செக்-இன் செய்யும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் அதைப் பின்பற்றின. பிறகு எண்ணெய் விலை இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. 2007-இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக் கட்டணமாக வசூலித்தது 50 கோடி டாலருக்கும் குறைவு. 2023-இல் அது 700 கோடி டாலரைத் தாண்டியது.

கீழே போடக் காசு, மேலே வைக்க இலவசம் என்றால் மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? கீழே போக வேண்டிய பெட்டிகள் மேலே ஏறின. ரேக் நிரம்பியது. நிரம்பியதும் நிறுவனங்கள் அடுத்த கதவைத் திறந்தன: மேலே வைக்கவும் காசு. 2010-இல் அமெரிக்காவின் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் இதைத் தொடங்கியது. ஐரோப்பாவின் ரயன்ஏர் 2018 நவம்பர் முதல், இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பையை மட்டும் இலவசம் ஆக்கியது. அளவு மீறிய பையைப் பிடித்துக் கொடுக்கும் ஊழியருக்குப் பைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுப்பதை அந்த நிறுவனம் மறைக்கவில்லை. 2025-இல் அந்தத் தொகையை ஒன்றரை யூரோவிலிருந்து இரண்டரை யூரோவாக உயர்த்துவதாக அறிவித்தது.

இதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. நியாயமான அளவும் எடையும் கொண்ட கைப்பை பயணத்தின் இன்றியமையாத அங்கம். அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஒரு வழக்கில் சொன்னது. 'நியாயமான அளவு' எது என்பதில்தான் அதன் பிறகு இழுபறி. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு, கைப்பைக் கட்டணம் உள்ளிட்ட நடைமுறைகளுக்காக ஐந்து மலிவுவிலை நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

இந்தியாவில் இந்த அலை மெதுவாக வருகிறது. உள்நாட்டுப் பயணத்தில் 15 கிலோ செக்-இன் லக்கேஜ் இலவசம் என்பது இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் கைப்பையோடு மட்டும் பயணிப்பவருக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று 2021 பிப்ரவரியில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அனுமதித்தது. 2024-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அப்படிப்பட்ட டிக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பணம் மிச்சம், நல்லதுதான். ஆனால் அந்த டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் ரேக்கை நம்பித்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார். இன்னொரு பக்கம், ஆளுக்கு ஒரே கைப்பை என்ற பழைய விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி 2022 ஜனவரியில் பாதுகாப்பு அமைப்புகள் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டன. பெண்களின் கைப்பை போன்ற சிலவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்குதான் பல நேரம் முழு டிராலியாக வளர்ந்துவிடுகிறது.

ரேக் பெரிதானால் தீருமா?

விமானம் கட்டுபவர்களும் சும்மா இல்லை. போயிங் 2015-இல் 737 விமானங்களுக்கென்று ஒரு புது ரேக்கைக் கொண்டுவந்தது. பழையதில் நான்கு பெட்டி வைத்த இடத்தில் இதில் ஆறு வைக்கலாம். சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது: பெட்டியைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்க முடியும். ஏர்பஸ்ஸும் ஏ320 குடும்ப விமானங்களுக்கு, 60 சதவீதம் கூடுதலாகப் பெட்டிகள் கொள்ளும் ரேக்கை வைத்திருக்கிறது.

ஆனால் ஒரே ஒருவர் பெட்டியைப் படுக்கப் போட்டால் இந்தப் பொறியியல் அத்தனையும் வீண். ரேக்கின் மூடியில், பெட்டியை எப்படி வைக்க வேண்டும் என்று படம் ஒட்டியிருப்பார்கள். ஒரு ரேக் எவ்வளவு கிலோ தாங்கும் என்றும் உள்ளே எழுதியிருக்கும். படிப்பவர் அபூர்வம்.

சென்னையிலிருந்து சேலத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்களுக்கு வேறு பாடம். அங்கே பறக்கும் ஏடிஆர் விமானம் சிறியது, ரேக்கும் சிறியது. பெரிய விமானத்தில் சுலபமாக நுழைந்த டிராலி இதில் முட்டிக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட விமானத்தில் போகும்போது மிருதுவான துணிப்பைதான் புத்திசாலித்தனம்.

முந்தினவர்களுக்கே முழு ரேக்கா?

போர்டிங் அழைப்பு வருவதற்கு முன்பே வாசலில் வரிசை கட்டி நிற்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். எண் போட்ட இருக்கை எங்கே ஓடிவிடப்போகிறது? அவர்கள் இருக்கைக்காக நிற்கவில்லை, ரேக்குக்காக நிற்கிறார்கள். 'முன்னுரிமை போர்டிங்' என்று நிறுவனங்கள் காசுக்கு விற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

விமானத்தில் ஏறுவதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தவர் ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க வானியற்பியலாளர். 2008-இல் வெளியான அவருடைய ஆய்வு சொன்ன செய்தி இதுதான்: ஏறுவதில் நேரத்தைத் தின்பது நடை அல்ல, பெட்டியைத் தூக்கி வைப்பது. பின்வரிசைகளை மொத்தமாக முதலில் அனுப்பினால் வேகம் கூடும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. பக்கத்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒரே இடத்தில் குவிந்து, ஒருவர் பெட்டி வைத்து முடிக்கும்வரை மற்றவர்கள் நிற்கிறார்கள். ஒரே நேரத்தில் பலர் வெவ்வேறு இடங்களில் பெட்டி வைக்கும்படி அனுப்பினால் நேரம் மிச்சம். மாதிரி விமானத்தில் 72 பேரை வைத்துச் சோதித்தபோது, பகுதி பகுதியாகப் பின்னாலிருந்து ஏற்றும் முறையைவிட அவருடைய முறை ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிந்தது. சும்மா வந்த வரிசையில் ஏற்றியதுகூடப் பகுதி முறையை முந்தியது.

அந்த முறையை அப்படியே கடைப்பிடிப்பது கடினம். கணவன் ஒரு வரிசையிலும் மனைவி ஒரு வரிசையிலும் குழந்தை இன்னொரு வரிசையிலும் நிற்க வேண்டிவரும். யுனைடெட் ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரிலிருந்து ஜன்னல் இருக்கை முதலில், பிறகு நடு, பிறகு ஓர இருக்கை என்ற எளிய வடிவத்துக்கு மாறியது. ஓர இருக்கைக்காரருக்கு இதில் ஒரு கஷ்டம்: அவர் வருவதற்குள் ரேக் நிறைந்திருக்கும். யாரை முதலில் விட்டாலும் கடைசியில் ஒருவர் வரத்தான் செய்வார். அவரும் அதே காசு கொடுத்தவர்.

பக்கத்து இருக்கை தர்மம்

இனி நம் பக்கம். ரேக் விஷயத்தில் சட்டம் நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து நாகரிகம் தொடங்க வேண்டும். அதற்கு அடிப்படை ஒன்றுதான்: பெரியது ஒன்று மேலே, சிறியது காலடியில். லேப்டாப் பை, ஜாக்கெட், டியூட்டி ஃப்ரீ கவர் எல்லாம் காலடிக்கோ, எல்லோரும் ஏறி முடித்த பிறகு மிச்சமிருக்கும் இடுக்குக்கோ உரியவை.

முதல் வரிசைக்காரர்களுக்கும், அவசர வழி வரிசையில் இருப்பவர்கள் பலருக்கும் இந்தக் காலடி வசதி கிடையாது. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அவர்களுடைய சின்னப் பைகூட மேலே போயாக வேண்டும். போதாக்குறைக்கு, முன்பக்க ரேக்குகளில் சிலவற்றை ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி போன்றவை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் 20-ஆம் வரிசைக்குப் போகிறவர், இறங்கும்போது சுலபமாக இருக்கட்டும் என்று 2-ஆம் வரிசை ரேக்கில் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவது வெறும் சாமர்த்தியம் அல்ல. அது, வேறு வழியே இல்லாத ஒருவரின் இடத்தைப் பிடுங்குவது.

அடுத்தவர் பெட்டியைத் தொடலாமா? நகர்த்தலாம், நிமிர்த்தலாம், ஆனால் கேட்டுவிட்டு. "இது யாரோடது? கொஞ்சம் நிமிர்த்தி வச்சுக்கட்டுமா?" என்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னால் போதும். பெரும்பாலும் உடையவரே எழுந்து வந்து செய்துகொடுப்பார். கேட்காமல் எடுத்து வேறு ரேக்கில் போடுவதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அழுத்தித் திணிப்பதும் வம்பு. உள்ளே இருப்பது மணப்பாறை முறுக்காகவும் இருக்கலாம், இன்சுலினாகவும் இருக்கலாம். வைப்பவருக்கும் பொறுப்பு உண்டு. அல்வாவையும் ஊறுகாயையும் வெறும் காகிதத்தில் சுற்றி மேலே வைத்தால், எண்ணெய் இறங்குவது அடுத்தவரின் வெள்ளைச் சட்டையில்.

தூக்குவது யார் வேலை? நம் பெட்டியை நாமே தூக்க முடிய வேண்டும்; முடியாது என்றால் அது செக்-இனில் போக வேண்டிய பெட்டி. வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், கை எட்டாதவர்கள் விஷயம் வேறு. "அம்மா, நான் வைக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கி வைப்பது நல்லது. கேட்காமல் கையிலிருந்து பிடுங்கினால் அவர்கள் பதறிப்போவார்கள். வைத்துக் கொடுத்தவர் இறங்கும்போது எடுத்தும் கொடுத்துவிட்டுப் போனால் உதவி முழுமை பெறும்.

விமானப் பணியாளர்கள் சுமைதூக்குபவர்கள் அல்லர். ஒரு நாளில் பல விமானம் ஏறி இறங்குபவர்கள், விமானத்துக்குப் பத்துப் பெட்டி தூக்கினால் தோளும் முதுகும் என்னவாகும்? பல நிறுவனங்கள் தூக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் இன்னொரு விசித்திரம்: விமானத்தின் கதவு மூடிய பிறகுதான் பணியாளருக்குச் சம்பள நேரம் ஓடத் தொடங்கும் என்பது நெடுங்கால வழக்கம். அதாவது, இந்த ரேக் ரகளை முழுவதும் சம்பளமில்லாத நேரம். பெரிய நிறுவனங்களில் முதலாவதாக டெல்டா 2022-இல்தான் பயணிகள் ஏறும் நேரத்துக்கும் ஊதியம் கொடுக்கத் தொடங்கியது, அதுவும் பாதி.

கட்டைப்பைக்காரரும் டிராலிக்காரரும்

நம் ஊர் விமானங்களில் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. முதன்முறை பறப்பவர், சணல் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடோ கட்டைப்பையோடோ தயங்கித் தயங்கி உள்ளே வருவார். எந்த மூடி எப்படித் திறக்கும் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். வாரம் இரண்டு முறை பறக்கிற அந்தப் பின்னவரோ பளபளக்கும் டிராலியைப் படுக்கப் போட்டு, அதன் பக்கத்தில் லேப்டாப் பையை வைத்து, மேலே கோட்டை விரித்து, இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். ரேக்கை அதிகம் ஆக்கிரமிப்பது பழக்கம் இல்லாதவர்கள் அல்ல, பழக்கப்பட்டவர்கள். ஏளனம் மட்டும் எதிர்த்திசையில் பாய்கிறது. பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டியது, மூடியைத் திறந்து காட்டி, "இங்க வைங்கண்ணா" என்று சொல்வது. அரை நிமிடம்கூட ஆகாது.

கார்த்திகை, மார்கழியில் இன்னொரு பொருள் ரேக்குக்கு வரும்: இருமுடி. தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகப் பாதுகாப்பு விதிகள் இடம் கொடுப்பதில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு, சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைச் சோதனைக்குப் பிறகு கேபினுக்குள் எடுத்துச் செல்லலாம் என்று 2025 ஜனவரி 20 வரை விலக்கு அளித்தது. விமானம் கிளம்பும்போது மடியில் வைத்துக்கொள்ள முடியாது. காலடியில் வைக்க மாலை போட்டவருக்கு மனம் வராது. அவருக்கு இருப்பது ரேக் ஒன்றுதான். அதன் மேல் செருப்புப் பையைப் போடாமல் இருக்க நாம் எந்த மதமாகவும் இருக்க வேண்டியதில்லை.

இசைக்கருவிகளுக்கு அமெரிக்கா சட்டமே போட்டிருக்கிறது. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வயலின் போன்ற சிறு வாத்தியத்தை, ஏறும் நேரத்தில் இடம் இருந்தால் கைப்பையாக அனுமதிக்க வேண்டும். வைத்த பிறகு, இன்னொருவரின் பெட்டிக்காக அதை எடுக்கச் சொல்லக் கூடாது. கிளீவ்லாந்து ஆராதனைக்கும் கோடைக் கச்சேரிகளுக்கும் போகிற நம் வித்வான்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அந்தச் சட்டமும் வாத்தியத்துக்குத் தனிச் சலுகை தரவில்லை; முந்தி வந்தால் இடம் உண்டு என்பதோடு நின்றுவிடுகிறது. சட்டத்துக்கே ரேக்கை அளந்து கொடுக்க மனமில்லை.

உயிர் விஷயம்

ரேக் விவகாரம் சில நேரம் உயிரைத் தொடும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். புகைக்கு நடுவே சிலர் ரேக்கைத் திறந்து பெட்டி எடுத்ததும், லேப்டாப்பைத் தேடியதும் கைபேசி வீடியோவில் பதிவாகி உலகமெல்லாம் பரவியது. விமானத்தில் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

வளைகுடாவில் வருடக்கணக்கில் உழைத்தவருக்குப் பாஸ்போர்ட்டும் வேலைப் பத்திரமும் பெட்டியில் இருந்தால் கை தானாக மேலே போகும். அதற்கு உபதேசம் மருந்தல்ல. பாஸ்போர்ட், பணம், மருந்து, கைபேசி நான்கையும் பயணம் முழுவதும் உடம்போடு ஒட்டிய சிறு பையில் வைத்திருந்தால், ஆபத்து நேரத்தில் ரேக் பக்கம் பார்வையே போகாது.

ஒரு விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், பாதி வாசல்களை மட்டும் திறந்து, முழுக் கூட்டத்தையும் 90 வினாடியில் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் கையில் பெட்டி கிடையாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்து சாம்பலானபோது, உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

இப்போது ரேக்குக்குள்ளேயே ஓர் ஆபத்து குடியேறியிருக்கிறது: பவர் பேங்க். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசான் நகரில், கிளம்பத் தயாராக இருந்த ஏர் புசான் விமானத்தில் தீப்பிடித்தது. தீ தொடங்கியது பின்பக்க ரேக்கில். சந்தேகம் பவர் பேங்க் மீது. இருந்த 176 பேரும் தப்பினார்கள். அந்த மார்ச் முதல் பவர் பேங்கை ரேக்கில் வைக்கத் தென்கொரியா தடை விதித்தது. எமிரேட்ஸ் நிறுவனமும் அக்டோபரில் இதே விதியைக் கொண்டுவந்தது. காரணம் எளிது. காலடியில் புகைந்தால் உடனே தெரியும். மூடிய ரேக்குக்குள் புகைந்தால், தெரியவரும்போது அது தீயாகியிருக்கும்.

விமானம் நிற்கும் முன்பே எழுந்து ரேக்கைத் திறப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2025 மே மாதம் முதல் துருக்கியில் அதற்கு அபராதம். பயணத்தில் குலுங்கி இடம் மாறிய பெட்டி, மூடி திறந்ததும் விழப்போவது ஓர இருக்கைக்காரர் தலையில். இதற்கு அபராதம் போட்டால் தவறே இல்லை.

ரேக் ஒழுங்கு: கத்தரித்து வைத்துக்கொள்ள

1. பெரியது ஒன்று மேலே, சிறியது காலடியில். கோட்டும் கவரும் கடைசியில்.
2. பெட்டியை மூடியில் உள்ள படத்தில் காட்டியபடி வையுங்கள். நிமிர்த்தி வைக்க முடிந்தால் படுக்கப் போடாதீர்கள்.
3. உங்கள் வரிசைக்கு மேலே வையுங்கள். இடமில்லை என்றால் பக்கத்து வரிசை. பின்னால் இருக்கை, முன்னால் பெட்டி வேண்டாம்.
4. தேவையானதைப் பையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் நின்று ஜிப்பைத் திறக்காதீர்கள்.
5. வைத்து முடிக்க நேரமாகும் என்றால், உங்கள் வரிசைக்குள் ஒதுங்கிப் பின்னால் வருபவரை விடுங்கள்.
6. அடுத்தவர் பெட்டியைக் கேட்காமல் நகர்த்தாதீர்கள். உங்களைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.
7. பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட், நகை ரேக்குக்குப் போகக் கூடாது.
8. இடமில்லை என்று வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டால், கொடுப்பதற்கு முன் இந்த நான்கையும் எடுத்துவிடுங்கள். கீழே லக்கேஜ் அறையில் பவர் பேங்க் போகவே கூடாது.
9. மூடியைத் திறக்கும்போது ஒரு கையால் பெட்டிகளைத் தடுத்துக்கொண்டு மெல்லத் திறவுங்கள்.
10. இறங்கும்போது அவரவர் முறை வரும்வரை உட்காருங்கள். ரேக்கில் முன்னால் இருப்பது அடுத்தவர் பெட்டி என்றால், அதை எடுத்துக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுங்கள்.

கோபம் போக வேண்டிய முகவரி

இத்தனையும் சொன்ன பிறகு, ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த நாகரிகத்தால் அதிகம் லாபம் அடைவது நாமல்ல, விமான நிறுவனம். ஒரு விமானத்தில் எத்தனை இருக்கை என்பது அவர்களுக்குத் தெரியும். ரேக்கில் எத்தனை பெட்டி கொள்ளும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, கொள்ளுவதைவிட அதிகம் பேருக்குப் பெட்டி கொண்டுவர அனுமதி கொடுக்கிறார்கள். வித்தியாசத்தை நடைபாதையில் நாம் தோளால் இடித்துத் தீர்த்துக்கொள்கிறோம். எல்லாப் பையும் ஒழுங்காக வைக்கப்பட்டதைப் பணியாளர் உறுதிசெய்யாமல் கதவை மூடக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. ஒரே ஒரு பெட்டிக்கு இடம் இல்லாமல் முழு விமானமும் காத்திருக்க நேரும்போது, எல்லோரும் முறைப்பது அந்தப் பெட்டிக்காரரைத்தான். டிக்கெட் விற்றவரை அல்ல.

அளந்து கொடுக்க முடியாத காரியமா இது? இல்லை. ரயன்ஏர் பத்துக் கிலோ பெட்டியோடு வரும் முன்னுரிமை டிக்கெட்டை, ஒரு விமானத்துக்கு இத்தனைதான் என்று எண்ணி விற்கிறது. காசு பார்க்க எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஒழுங்குக்காக எண்ணத் தெரியாதா? டிக்கெட் பதிவு செய்யும்போதே 'பெட்டி மேலே போகுமா, சிறு பை மட்டுமா' என்று ஒரு கேள்வி கேட்கலாம். ரேக் நிறையும் எண்ணிக்கை வந்ததும், அடுத்தவரின் பெட்டியைக் கட்டணமின்றி செக்-இனில் வாங்கிக்கொள்ளலாம். ரேக்குகளில் வரிசை எண்ணைத் தெளிவாக எழுதி, அந்த வரிசைக்காரருக்கே முதல் உரிமை என்று அறிவிக்கலாம். மூன்றுக்குமே புதிய விமானம் தேவையில்லை. டிஜிசிஏ நினைத்தால் ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை சக பயணியிடம் விட்டுக்கொடுப்போம். அவரும் நம்மைப்போல் ஏமாந்தவர்தான். நிறுவனத்திடம் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இடம் கிடைக்காமல் பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டு வந்தீர்களா? பயணம் முடிந்ததும் கருத்து கேட்டு ஒரு படிவம் அனுப்புவார்களே, அதில் சாப்பாட்டுக்கும் புன்னகைக்கும் மதிப்பெண் போட்ட பிறகு, 'எனக்கு விற்ற டிக்கெட்டுக்கு ரேக்கில் இடம் எங்கே?' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் 26-ஆம் வரிசைக்காரர் அல்ல.